என் சாப்பாட்டை மற்ற நாட்டு உணவுமுறைகளோடு ஒப்பிடுவது எப்படி? எண்கள் ஒத்துவரவில்லை

அகப்பைக்கணக்கு (கேள்வி)

தினமும் சாப்பிடுவதை எழுதிவைத்து ஒரு செயலியில் போட்டுக் கூட்டினால் சராசரியாக 1,400 கலோரி வருகிறது. பெண், வயது 35, உயரம் 160 செ.மீ., எடை 60 கிலோ, உட்கார்ந்து பார்க்கும் வேலை. எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு (எஃப்.ஏ.ஓ.) வெளியிடும் பட்டியலில் உலக சராசரி ஒருவருக்கு 2,900 கலோரிக்கு மேல் இருக்கிறது. அமெரிக்காவுக்கு 3,700-ஐத் தாண்டுகிறது. அப்படியானால் நான் உலக சராசரியில் பாதிதான் சாப்பிடுகிறேனா? எடை குறையவில்லையே, அது எப்படி?

இரண்டாவது, மத்தியதரைக்கடல் உணவுமுறை, ஜப்பானின் தென்தீவான ஒக்கினாவாவின் உணவுமுறை என்று பேசுகிறார்களே, அவற்றில் எதற்கு என் சாப்பாடு பக்கத்தில் இருக்கிறது என்று எண்களை வைத்தே சொல்ல முடியுமா? எதை எதை அளந்தால் போதும்?

தராசுமுள்

இரண்டு வேறு வேறு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். அதனால்தான் ஒத்துவரவில்லை.

எஃப்.ஏ.ஓ. பட்டியலில் இருப்பது மக்கள் சாப்பிட்ட அளவு அல்ல, அவர்களுக்குக் கிடைத்த அளவு. ஒரு நாட்டின் உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, கையிருப்பு ஏறி இறங்கியதைச் சரிசெய்து, கால்நடைத் தீவனம், விதை, தொழிற்சாலைக்குப் போனது, வழியில் வீணானது எல்லாவற்றையும் நீக்கி, மிச்சத்தை மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். கடை வரை வந்து சேர்ந்த உணவுதான் அந்த எண். கடையில் அழுகியது, வீட்டில் கொட்டியது, தட்டில் மிஞ்சியது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. பணக்கார நாடுகளில் 'கிடைத்த'தற்கும் 'சாப்பிட்ட'தற்கும் இடைவெளி பெரிது.

இறைச்சி எண்ணைப் பார்க்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அங்கே இருப்பது எலும்போடு கூடிய உரித்த உடலின் எடை. மீனுக்கு உயிரோடு இருக்கும் முழு எடை. எலும்பு நீக்கினால் 100 கிராம் தோராயமாக 70 ஆகும், சமைத்தபின் 50-க்குப் பக்கத்தில் வந்துவிடும். தட்டில் இருக்கும் வெந்த 50 கிராம் துண்டை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு "நான் பாதிதான் சாப்பிடுகிறேன்" என்றால் கணக்கு முதல் அடியிலேயே கோணிவிடும்.

உங்களுக்குத் தேவையானது 'உட்கொண்ட' அளவைச் சொல்லும் ஆய்வுகள். அமெரிக்காவில் முந்தைய 24 மணி நேரத்தில் சாப்பிட்டதைக் கேட்டுப் பதிகிறார்கள், ஒருவரிடம் இரண்டு நாளுக்கு. ஜப்பானின் தேசிய ஆய்வு நவம்பரில் ஒரு நாள் சாப்பாட்டை வீட்டிலேயே எடைபோட்டு எழுதச் சொல்கிறது, ஆகவே அதில் தெரிவது இலையுதிர்காலத் தட்டு. எஃப்.ஏ.ஓ.வும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து, தனிநபர் அளவில் எடுத்த ஆய்வுகளை 'கிஃப்ட்' என்ற தளத்தில் தொகுத்து வருகின்றன. ஒப்பிடுவதற்கு அதுதான் நல்ல இடம்.

சரி, இனி உங்கள் 1,400. எடை மாறாமல் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் உள்ளே போவதும் செலவாவதும் சமம். செலவை மிஃப்லின் சூத்திரத்தில் போட்டுப் பார்க்கலாம். பெண்களுக்கு: எடை × 10, அதோடு உயரம் × 6.25 கூட்டி, வயது × 5 கழித்து, இன்னும் 161 கழிக்க வேண்டும். உங்களுக்கு 600 + 1,000 − 175 − 161 = 1,264. அசையாமல் படுத்திருந்தாலே இவ்வளவு செலவாகும். உட்கார்ந்த வேலைக்கு 1.5-ஆல் பெருக்கினால் சுமார் 1,900.

நீங்கள் எழுதியதை 1,264-ஆல் வகுத்தால் 1.11 வருகிறது. எடை நிலையாக இருக்கும் ஒருவருக்கு இந்த விகிதம் 1.35-க்குக் கீழே நீண்ட காலம் இருக்காது. உங்கள் குறிப்பில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி விடுபட்டிருக்கிறது. இது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. ஐசோடோப்பு (அடையாளம் காணக்கூடிய சற்றுக் கனமான அணு) கலந்த நீரைக் குடிக்கவைத்து உண்மையான செலவை அளந்த ஆய்வுகள் பலவற்றிலும், மக்கள் தாங்கள் சாப்பிட்டதைக் குறைத்தே சொல்கிறார்கள் என்று தெரிந்திருக்கிறது. நாட்டு ஆய்வுகளிலும் இதே குறைபாடு உண்டு. அதனால் மொத்தக் கலோரியை வைத்து ஒப்பிடுவதைவிட, மொத்தத்தில் எது எவ்வளவு பங்கு என்று ஒப்பிடுவதே நம்பகமானது.

முதலில் அந்த 500 எங்கே போனது என்று கண்டுபிடியுங்கள்.

எண்ணெய்ச்சட்டி

தராசுமுள் சொன்ன 500 பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் ஒளிந்திருக்கும். ஒன்று எண்ணெய். இன்னொன்று, சமைக்காத எடைக்கும் சமைத்த எடைக்கும் இடையிலான குழப்பம்.

குழப்பத்தை முதலில் பார்ப்போம். அரிசி 100 கிராம் சமைக்காமல் சுமார் 360 கலோரி. வெந்த சாதம் 100 கிராம் சுமார் 130. செயலியில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். 100 கிராம் அரிசியை அளந்து போட்டுச் சமைத்துவிட்டு, பதியும்போது 'வெந்தது 100 கிராம்' என்று தட்டினால் ஒரு வேளைக்கு 230 கலோரி காணாமல் போகும். இரண்டு வேளைக்கு 460. பாஸ்தா, பயறு, ஓட்ஸ் எல்லாவற்றுக்கும் இதே கதை. உலர்ந்த பயறு 100 கிராம் வெந்தால் 220 முதல் 250 கிராம் ஆகும். இறைச்சி மட்டும் தலைகீழ்: சமைத்தால் கால் பங்குக்கு மேல் எடை குறையும்.

தப்பாமல் அளக்க ஒரே வழி பாத்திரக் கணக்கு. காலிப் பாத்திரத்தை எடைபோட்டு அதன் அடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள், ஒவ்வொரு முறையும் போட வேண்டியதில்லை. சமைக்காத பொருளை எடைபோடுங்கள். சமைத்து முடித்தபின் பாத்திரத்தோடு எடைபோட்டு, பாத்திர எடையைக் கழியுங்கள். பிறகு உங்கள் தட்டுக்கு வந்த எடையை, சமைக்காத எடையால் பெருக்கி, சமைத்த மொத்த எடையால் வகுத்தால் போதும். உதாரணமாக 400 கிராம் அரிசி வெந்து 1,120 கிராம் சாதமாகி, நீங்கள் 280 எடுத்துக்கொண்டால், 280 × 400 ÷ 1,120 = 100 கிராம் அரிசி. குழம்பு, சூப் எல்லாவற்றுக்கும் இதே முறைதான், உள்ளே போன ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக. தண்ணீர் எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு வற்றியது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் தானாகவே அடங்கிவிடும்.

எண்ணெயை ஸ்பூனில் அளந்து எழுத நினைத்தால் நடக்காது. ஊற்றும்போது யாரும் ஸ்பூனைத் தேடுவதில்லை. புட்டியை எடைபோடுங்கள். வாரத் தொடக்கத்தில் ஒருமுறை, அடுத்த வாரம் அதே நாளில் ஒருமுறை. வித்தியாசத்தை 7-ஆல் வகுத்து, வீட்டில் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கையால் வகுங்கள். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் வாரத்துக்கு 640 கிராம் குறைந்தால் தலைக்கு நாளொன்றுக்கு சுமார் 23 கிராம், அதாவது 200 கலோரிக்குச் சற்று மேல். வெண்ணெய், நெய் இருந்தால் தனியாக. பொரித்த எண்ணெய் மிஞ்சினால் வடிகட்டி எடைபோட்டுக் கழித்துவிடுங்கள். எண்ணெயின் எடையும் கன அளவும் ஒன்றல்ல என்பதும் நினைவிருக்கட்டும்: 1 லிட்டர் எண்ணெய் சுமார் 915 கிராம்தான்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் தலையால் வகுத்தால் பெரியவர்களின் பங்கு குறைத்துக் காட்டும். ஆளுக்கு ஆள் கலோரித் தேவை எவ்வளவோ அந்த விகிதத்தில் பிரியுங்கள். 2,000 தேவைப்படும் பெரியவர் 1 என்றால், 1,400 தேவைப்படும் குழந்தை 0.7.

உப்புக்கும் பொட்டலத்தை எடைபோடும் இதே வழிதான். நான்கு பேர் வீட்டில் வாரத்துக்கு 250 கிராம் குறைந்தால் தலைக்கு நாளொன்றுக்கு 8.9 கிராம். கொட்டிவிடும் கொதிநீரில் போட்ட உப்பு இதில் சேராது, அதைத் தனி டப்பாவிலிருந்து எடுத்தால் குழப்பம் இல்லை. பாக்கெட் உணவில் சோடியம் என்று போட்டிருந்தால் 2.5-ஆல் பெருக்கினால் உப்பு கிடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 5 கிராம். உலக சராசரி அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஜப்பானியர்கள் 10 கிராமை ஒட்டி. நல்ல பெயர் எடுத்த உணவுமுறைகளிலும் இப்படி ஒரு பலவீனம் இருக்கும் என்பதால், உப்பை ஒப்பிடாமல் விடாதீர்கள்.

குடிப்பதையும் பலர் எழுதுவதில்லை. பால், சர்க்கரை சேர்த்த தேநீர், காபி, பழச்சாறு, மது எல்லாம் உணவுதான். மதுவில் உள்ள ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி, அதாவது கொழுப்புக்கு அடுத்தபடி.

அகப்பைக்கணக்கு

பாத்திரக் கணக்கு, புட்டிக் கணக்கு இரண்டையும் போட்டுப் பார்த்தேன். இப்போது சராசரி 1,890 வருகிறது. கொழுப்பு 60 கிராம், புரதம் 52, மாவுச்சத்து 285. உப்பு 9 கிராம். இதை வைத்து எந்த நாட்டுக்குப் பக்கம் என்று எப்படிச் சொல்வது?

வரைபடம்

நல்ல எண்கள், இனி நம்பிப் பேசலாம். முதலில் பங்காக மாற்றுங்கள். கொழுப்பு கிராமுக்கு 9, புரதமும் மாவுச்சத்தும் 4. கொழுப்பு 540 கலோரி, அதாவது 29 சதவீதம். புரதம் 208, 11 சதவீதம். மாவுச்சத்து 1,140, 60 சதவீதம்.

இனி பக்கத்தில் வைக்க வேண்டியவை. ஒக்கினாவாவின் பழைய உணவு என்று சொல்வது 1949-ல் பதிவானது. மொத்தம் 1,785 கலோரி. மாவுச்சத்து 85 சதவீதம், புரதம் 9, கொழுப்பு 6. கலோரியில் சுமார் 69 சதவீதம் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து மட்டும். இன்றைய ஒக்கினாவா அப்படிச் சாப்பிடுவதில்லை. பொலிவியாவின் சிமானே பழங்குடி மக்கள், இதயநோய் மிகக் குறைவு என்று 2017-ல் வெளியான ஆய்வால் பேசப்பட்டவர்கள்: மாவுச்சத்து 72, கொழுப்பு 14, புரதம் 14. மறுமுனையில், உணவையும் இதயநோயையும் நாடுவாரியாக ஒப்பிட்ட 'ஏழு நாடுகள்' ஆய்வில் பதிவான, கிரேக்கத்தின் கிரீட் தீவு: கொழுப்பு சுமார் 40 சதவீதம், பெரும்பகுதி ஆலிவ் எண்ணெய். அதே ஆய்வில் 1950, 60-களின் ஜப்பானிய ஊர்களில் கொழுப்பு 10 சதவீதத்தை ஒட்டித்தான். உங்கள் 29 இவை இரண்டுக்கும் நடுவில்.

ஆனால் இந்த மூன்று சதவீதத்தோடு நிறுத்தினால் ஏமாந்துபோவீர்கள். அதே ஏழு நாடுகள் ஆய்வில் கிழக்கு பின்லாந்திலும் கொழுப்பு 40 சதவீதத்துக்குப் பக்கம்தான். கிரீட்டில் இதயநோய்ச் சாவு மிகக் குறைவு, கிழக்கு பின்லாந்தில் மிக அதிகம். கிரீட்டில் நிறைவுற்ற கொழுப்பு (வெண்ணெய், நெய் போல உறையும் வகை) 8 சதவீதம், பின்லாந்தில் 20-க்கு மேல், பால் கொழுப்பும் வெண்ணெயுமாக. மொத்தக் கொழுப்பு ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. ஆகவே கொழுப்பு என்ற ஒரே கட்டத்தை நிறைவுற்றது, நிறைவுறாதது என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். எந்த எண்ணெய் என்று குறித்திருந்தால் செயலியே பிரித்துக்கொடுக்கும்.

அடுத்து உணவு வகை. இதற்கு 1,000 கலோரிக்கு எத்தனை கிராம் என்று மாற்றிக்கொள்வதே சரி. உடல் பெரியவர், சிறியவர், அதிகம் உழைப்பவர், உட்கார்ந்திருப்பவர் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க முடியும். 2019-ல் ஈட்–லான்செட் என்ற அறிவியலாளர் குழு, உடல்நலத்தையும் சுற்றுச்சூழலையும் மனதில் வைத்து ஓர் உலகப் பொதுத்தட்டைக் கொடுத்தது, 2,500 கலோரிக்கு. காய்கறி 300 கிராம், பழம் 200, பயறு சோயா சேர்த்து 75, கொட்டைகள் 50, முழுத்தானியம் 232, மாடு ஆடு பன்றி இறைச்சி மூன்றும் சேர்ந்து வெறும் 14. இதை 1,000 கலோரிக்கு மாற்றினால் காய் 120, பழம் 80, பயறு 30, கொட்டை 20. உங்கள் 1,890-க்குப் பெருக்கினால் காய் 227, பழம் 151, பயறு 57, கொட்டை 38 கிராம். தானியத்துக்கும் பயறுக்கும் உலர்ந்த எடை என்பதை மறக்க வேண்டாம்.

இதில் ஒரு விலக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் காய் பழம் 400 கிராம் என்பது ஆளுக்கு. அதைக் கலோரியால் சுருக்கக் கூடாது. உருளை, மரவள்ளி போன்ற மாவுக்கிழங்குகளை அந்த 400-ல் சேர்க்கவும் கூடாது. இதைச் சேர்த்துக்கொண்டு "எனக்கு 400 வந்துவிட்டது" என்று நிம்மதியடைகிறவர்கள் ஏராளம்.

உங்கள் சாப்பாடு மத்தியதரைக்கடல் உணவுமுறைக்கு எவ்வளவு பக்கம் என்று சொல்லும் மதிப்பெண்ணை இணையத்தில் தேடினால் இரண்டு வகை கிடைக்கும். 0 முதல் 9 வரை போடும் பழைய முறையில், பெரும்பாலும் ஒவ்வோர் உணவு வகைக்கும் ஆய்வில் கலந்துகொண்டவர்களின் நடு அளவுக்கு மேலா கீழா என்று பார்த்து 1 அல்லது 0. கிரேக்கத்தில் எடுத்தபோது பெண்களுக்குக் காய்கறியின் நடு அளவே தினம் 500 கிராம் அளவில் இருந்தது. காய் குறைவாகச் சாப்பிடும் நாட்டில் இதே முறையில் போட்டால், 200 கிராம் சாப்பிடுகிறவருக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். இரண்டு நாட்டு 6-களும் ஒன்றல்ல. நீங்கள் ஸ்பெயினில் மத்தியதரைக்கடல் உணவைச் சோதித்த பிரெடிமெட் (PREDIMED) ஆய்வில் பயன்பட்ட 14 கேள்வி முறையை எடுங்கள். அதில் வரம்புகள் மாறாதவை: ஆலிவ் எண்ணெய் நாளுக்கு 4 மேசைக்கரண்டி, பயறு வாரம் 3 முறை, மீன் வாரம் 3 முறை, கொட்டை வாரம் 3 முறை என்று. ஒயினுக்கு ஒரு கேள்வி உண்டு. குடிக்காதவர் அந்த ஒரு மதிப்பெண்ணுக்காகத் தொடங்க வேண்டாம், 13-க்குக் கணக்குப் பார்த்தால் போதும்.

அகப்பைக்கணக்கு

அருமை. கடைசியாக ஒன்று. ஒப்பிட்டபின், ஓர் உணவுமுறையில் நன்றாக இருக்கும் பகுதியை மட்டும் எடுத்து நம் தட்டில் சேர்த்துக்கொள்ளலாமா?

வேர்க்கிழங்கு

எடுக்கலாம். ஆனால் ஒரு பொருளை எடுக்கும்போது அதைப் பக்குவப்படுத்தும் முறையையும், அது எதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது என்பதையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி என்றால் சுமார் 480 கலோரி. உங்கள் மொத்தத்தில் கால் பங்கு. கிரீட்டில் அதுதான் சமையல் கொழுப்பு ஏறக்குறைய முழுவதும். ஏற்கெனவே உள்ள எண்ணெயை அப்படியே வைத்துக்கொண்டு இதை மேலே ஊற்றினால் கிடைப்பது எடைதான்.

ஒக்கினாவா விகிதத்தை அப்படியே எடுத்தால் புரதம் இடிக்கும். 1,785-ல் 9 சதவீதம் என்பது 40 கிராம். எஃப்.ஏ.ஓ.வும் உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்குச் சொல்வது உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், 60 கிலோவுக்கு 50. உங்கள் 52 இப்போது சரியாக விளிம்பில் நிற்கிறது. கிழங்கைக் கூட்டுவதானால் பயறையும் கூட்டுங்கள்.

மக்காச்சோளம் இதற்கு இன்னும் கடுமையான பாடம். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்துத்தான் அரைப்பார்கள். உலர்ந்த மக்காச்சோளம் 1 கிலோவுக்கு உணவுத்தர சுண்ணாம்பு சுமார் 10 கிராம், தண்ணீர் 3 லிட்டர், மெல்லிய தீயில் அரை மணி முதல் ஒரு மணி நேரம், பிறகு இரவு முழுக்க ஊறல், காலையில் தோல் கழன்று வரும் வரை கழுவல். இப்படிச் செய்தால்தான் சோளத்தில் கட்டுண்டிருக்கும் நியாசின் என்ற பி வைட்டமின் உடலுக்குக் கிடைக்கும். சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த வேலையை விட்ட வட இத்தாலியிலும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் ஏழைகளிடையே நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் பரவியது. தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், கடைசியில் சாவு. சோளத்தையே முழு உணவாக்காமல் மற்றவற்றோடு சாப்பிடுகிறவருக்கு இந்த ஆபத்து இல்லை. அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், சுண்ணாம்பு அதை அரித்துவிடும்.

கசப்பு மரவள்ளியும் அப்படித்தான். துருவி, புளிக்கவைத்து, பிழிந்து, வறுப்பது சயனைடை நீக்குவதற்காக. பஞ்சக் காலத்தில் இந்த வேலையைச் சுருக்கிய ஆப்பிரிக்க ஊர்களில் கொன்சோ என்ற கால் முடக்கம் வந்தது. புரதம் குறைந்தவர்களை அது அதிகம் தாக்கியது, ஏனென்றால் சயனைடை முறிக்க உடலுக்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் தேவை.

வடதுருவப் பகுதியின் இன்யூட் மக்கள் காய்கறி ஏறக்குறைய இல்லாமலே வாழ்ந்தார்கள் என்பதை இறைச்சி மட்டும் சாப்பிடுவதற்கு ஆதாரமாகக் காட்டுகிறவர்களுக்கும் இதே பதில். அவர்களுக்கு வைட்டமின் சி திமிங்கலத் தோலிலிருந்தும் சீல் ஈரலிலிருந்தும் கிடைத்தது, பெரும்பாலும் பச்சையாக. நன்றாக வெந்த தசை இறைச்சியில் அது கிடைக்காது.

பாலும் உண்டு. உலகப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைவு. வட ஐரோப்பியத் தட்டில் இருக்கும் அளவுக்குப் பால் எல்லாருக்கும் ஒத்துவராது. தயிராகவோ பழுத்த பாலாடைக்கட்டியாகவோ எடுத்தால் பலருக்குத் தொல்லை இருக்காது.

தராசுமுள்

ஒரு நடைமுறைச் சேர்க்கை. எத்தனை நாள் எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒப்பிடுவதற்கு அது முக்கியம். மொத்தக் கலோரி, மூன்று பங்குகள் ஆகியவற்றுக்கு வார நாளும் விடுமுறையும் கலந்த 7 நாள் ஒரு தோராயத்தைக் கொடுக்கும், துல்லியம் வேண்டுமானால் ஒரு மாதம். வைட்டமின் ஏ போன்றவை கீரை, ஈரல் சாப்பிடும் அன்று எகிறி மற்ற நாளில் படுத்துவிடும், ஓராண்டு எழுதினாலும் தனிநபர் சராசரி நிலைக்காது. அவற்றுக்கு எண் பார்க்காமல் வகை பாருங்கள். எஃப்.ஏ.ஓ. பெண்களுக்காக வைத்திருக்கும் 10 வகைக் கணக்கு இருக்கிறது: தானியமும் கிழங்கும், பயறு, கொட்டையும் விதையும், பால், இறைச்சியும் மீனும், முட்டை, கரும்பச்சைக் கீரை, மஞ்சள்–ஆரஞ்சு நிறக் காய் பழம், மற்ற காய், மற்ற பழம். ஒரு வகை 15 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் 1. ஒரு நாளில் 5 வகை வருகிறதா என்று பாருங்கள். அந்த வரம்பு ஒரு மக்கள்கூட்டத்தை மதிப்பிட வைத்தது, அதனால் ஒரே நாளை வைத்து உங்களைத் தீர்ப்பிட்டுக்கொள்ள வேண்டாம், பல நாள் எண்களைச் சேர்த்துப் பாருங்கள். இதற்குத் தராசு கூடத் தேவையில்லை.

உங்கள் எண்களில் நான் முதலில் கை வைப்பது உப்பில்தான். 9-லிருந்து 5-க்கு ஒரே நாளில் இறக்கினால் சாப்பிட முடியாது. நான்கு பேர் வீடென்றால், டப்பாவுக்கு வாராவாரம் நிரப்பும் உப்பை 250 கிராமிலிருந்து 225, பிறகு 200 என்று படிப்படியாகக் குறையுங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும்.